சனிக்கிழமைகளில் பார்ப்பதில்லை

தாமரைப் படங்களை என்ன செய்வது என்பதுதான் எங்களுக்குத் தீராத சிக்கலாக இருந்தது.

கீலுங் துறைமுக நகரின் குன்றுச் சந்துகளில் தனியாக வாழும் முதியவர்கள் அறுபத்து நான்கு பேர். காலையில் ஆளுக்கொரு தாமரைப் படத்தை 'இனிய காலை' என்று எழுதி அவர்களைக் கவனித்துக்கொள்ளும் எங்கள் குழுவின் கணக்குக்கு அனுப்புவார்கள். பதில் போடத் தொண்டர்கள் மூன்றே பேர்: முட்டைத் தோசைக் கடை வைத்திருக்கும் பெய்-ச்சி அக்கா, பஸ் ஓட்டும் வென்-காய், நான். செய்தியைத் திறந்தால் அனுப்பியவரின் போனில் 'படித்தாயிற்று' என்று குறி விழும். படித்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பதை எங்கள் ஊரில் யாரும் மன்னிப்பதில்லை.

"நான் முட்டையத் திருப்புறதா, தாமரையத் திருப்பி அனுப்புறதா, தம்பி?" என்றார் அக்கா. "அந்த லியாவ் அம்மா பதில் வரலைன்னு மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கு."

"எனக்கு ஸ்டியரிங் பிடிக்கிறப்பகூட டிங் டிங்குதான். ஒருநாள் கடல்ல விட்டுடுவேன்க்கா."

"போனையா, பஸ்ஸையாடா?"

"ரெண்டையும்."

சிரித்தோம். ஆனால் அந்த வசந்தத்திலேயே இரண்டு தொண்டர்கள் சோர்ந்து விலகியிருந்தார்கள். இன்னும் ஒருவர் போனால் குழு நிற்காது. அதனால் ஒரு முறையை அமைத்தேன். குழுவின் இணையப் பக்கத்துக்கான பதிவுகளை மாதத்தில் ஒரே ஞாயிறன்று மொத்தமாக எழுதிவைத்துவிடுவது. சனி, ஞாயிறு யாரும் செய்திகளைத் திறக்கக் கூடாது. மற்றதைத் தானியங்கிப் பதில் கவனித்துக்கொள்ளும். எங்களுடைய தாமரைப் படங்கள் ஆறு மாறி மாறிப் போகும். கீழே 'உங்கள் செய்தியைக் கண்டோம், நலமாக இருங்கள்' என்ற வரி. உடனே போனால் இயந்திரம் என்று தெரிந்துவிடும் என்பதால் இரண்டிலிருந்து நான்கு நிமிடம் தாமதம் வைத்தேன். அந்தத் தாமதம்தான் அதில் அழகான பகுதி. ஒரே வாரத்தில் லியாவ் அம்மாவின் முகம் மலர்ந்தது. அக்கா நன்றாகத் தூங்கினார்.

அந்த அறுபத்து நான்கு பேரில் ஒருவரான பெங் ஐயாவுக்குத் தொண்டையில் அறுவை செய்து குரலை எடுத்துவிட்டார்கள். போனில் பேச முடியாது, எழுதுவார். உறவு என்று யாரும் இல்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை 11.20க்குக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகவும் எழுந்திருக்க முடியவில்லை என்றும் எழுதினார். மூன்று நிமிடம் கழித்துத் தாமரை போனது. இடுப்பு உடைந்திருக்கலாம் என்று எழுதினார். இரண்டு நிமிடத்தில் இன்னொரு தாமரை. அவர் வேறு யாருக்கும் எழுதவில்லை. 'கண்டோம்' என்று சொன்னவர்களை நம்பியிருப்பார். 11.40க்குக் கடைசியாக எழுதினார்: 'நன்றி. காத்திருக்கிறேன்.'

உங்கள் விசாரணைக் கோப்பில், மூன்று செய்திகளும் திங்கள் காலை 8.30க்குப் படிக்கப்பட்டன என்று இருக்கும். குறி அப்போதுதான் விழுந்தது. ஆனால் செய்தி வரும்போதே போனின் மேல்பக்கத்தில் ஒரு வரி ஓடும், இல்லையா? திறக்காமலே அதைப் படிக்கலாம். குறி விழாது.

நான் நூடுல்ஸ் கடையில் இருந்தேன். போன் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. மூன்றையும் வரவரப் படித்தேன். அவர் வீடு அங்கிருந்து பத்து நிமிடப் படிக்கட்டு. திறந்தால் குறி விழும். போனால், சனிக்கிழமையும் ஆள் உண்டு என்று குன்று முழுக்கத் தெரிந்துவிடும், அறுபத்து நான்கு பேரும் எழுதுவார்கள், அக்கா விலகுவார், பிறகு யாருக்குமே யாரும் இல்லை. கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். சூப்பைக் குடித்து முடித்தேன்.

ஞாயிறு மாலைவரை உயிர் இருந்தது என்று மருத்துவர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியவில்லை.

இங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் சரியான முறை பிடிபட்டது. அக்கா இப்போது என்னிடம் பேசுவதில்லை, நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். படங்களுக்குப் பதிலே வேண்டாம் என்று முதியவர்களிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். படம் வந்தால் ஆள் நலம். தினம் ஒருவர் முறை வைத்துக்கொண்டு, காலை ஒன்பது மணிக்குள் யாருடைய படம் வரவில்லையோ, யாருடைய செய்தியில் 'இனிய காலை' தவிர வேறு எழுத்து இருக்கிறதோ, அவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். இருபது நிமிட வேலை. யாரும் சோர்ந்துபோக மாட்டார்கள்.