மூன்றாவது சிலிண்டர்

சாயங்காலம் ஆறே முக்கால் மணி. ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் இறங்கும் மலைச்சாலை... ஈ காக்கை இல்லை. எழுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மாதம். நம் நண்பன் ஃபரூக்கின் சித்தப்பா, மெக்கானிக் அதாவுல்லாவுக்கு நடந்தது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

பின்சீட்டில் அவர் மனைவி சகிலா, தலைப்பிரசவ வலியில். இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே பள்ளத்தில் அம்பாசடர் இழுவை இல்லாமல் திணறி... நின்றுவிட்டது. பேட்டரியில் ஸ்டார்ட்டரைச் சுற்றும் அளவு தெம்பும் இல்லை.

"ஏங்க... ஆஸ்பத்திரி போய்டலாம் இல்ல?"

அவர் இறங்கிப் பானெட்டைத் திறந்தார். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். எந்த சிலிண்டரில் அழுத்தம் போயிற்று என்று பார்க்க, பிளக் துவாரத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொள்ள வேண்டும். முன்னால் ஹேண்டிலைச் செருகி ஒருவர் என்ஜினைச் சுற்ற வேண்டும். நல்ல சிலிண்டர் விரலைத் தள்ளிவிடும். ஆனால் சுற்ற ஆள்?

"நான் சுத்தட்டா பாய்?"

பம்பரை ஒட்டி ஒருவன் குந்தியிருந்தான். எப்போது வந்தான்... தெரியாது. பீடி வாசம் மட்டும் வந்தது. விசாரிக்க நேரமில்லை.

ஒன்று... புஸ். இரண்டு... புஸ். மூன்று...

ஒன்றுமில்லை.

நான்கு... புஸ்.

மூன்றாவதில் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டார். மறுபடி சுற்றச் சொன்னார். இப்போது விரலைத் தள்ளிவிட்டது! ஆயில் இடுக்கை அடைத்துவிட்டது; பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆலங்காயம் வரை தாங்கும். பிளக்குகளை மாட்டினார்.

"கட்டைவிரலை மடக்கிப் புடிக்காதய்யா. ஹேண்டில் திருப்பி அடிச்சா வெரல் போய்டும்."

"அது போயி ரொம்ப நாளாச்சு பாய்."

அவசரத்தில் அது அவர் காதில் ஏறவில்லை. ஒரே சுற்று. என்ஜின் பிடித்துக்கொண்டது.

"வண்டில எடம் இருக்கா? நானும் வந்துட்றேன்."

"ஏறிக்கோய்யா, சீக்கிரம்!"

நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

கதவு திறக்கும் சத்தமே கேட்கவில்லை. விளக்கைப் போட்டார். சாலையில் யாருமில்லை. பீடி வாசம் மட்டும்... இப்போது காருக்குள்ளே.

"இன்னாங்க இது..." என்றாள் சகிலா. "வயித்துல திடீர்னு சில்லுனு இருக்குது."

ஒன்பது மணிக்கு ஆண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அதாவுல்லா அங்கேயே நின்று அழுதார். அவ்வளவு சந்தோஷம்.

குழந்தையின் வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. நர்ஸ் மெல்ல விரித்தார்... கட்டைவிரல் இல்லை. மற்ற நான்கு விரல்களின் நகக்கண்ணிலும், கறுப்பாக... கிரீஸ்.