எட்டு ரேகை

கட்டடத் தொழிலாளர் மன்றத்தைக் கட்டிக் காக்கும் தலைவி அவர்களே, செங்கல் சுமந்தே உச்சி தேய்ந்த தாய்மார்களே, சாரத்தில் நின்று சளைக்காமல் உழைக்கும் சகோதரர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

எழுத்தறியாதவன் நான், சுவரறிந்தவன். ஐம்பதாண்டுக் கொத்தனார். கூடப் பிறந்த தம்பியே கட்டிவிட்டு, "நேராத்தான் இருக்குண்ணே" என்றாலும், தூக்குக்குண்டை இறக்கி, நூல் ஆடி அடங்கும்வரை பார்த்த பிறகே அடுத்த கல் வைப்பேன். அப்படிப்பட்டவன் ஏமாந்தது எங்கே? மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, "ஐயா, முதல்ல தண்ணி குடிங்க" என்று உபசரித்த வங்கியில்.

என் வீட்டுக்காரியின் இதய அறுவைக்குச் சேர்த்த பணம் அது. அடுத்த ஆண்டு செய்யலாம் என்றிருந்தார் மருத்துவர். அதைச் சொல்லித்தான் கொடுத்தேன். அதிகாரி சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "ஒரு வருஷம் போட்டு வைங்க. வட்டியோட வாங்கி அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணிடலாம்."

எட்டு இடத்தில் ரேகை வைத்தேன்.

"எதுக்குத் தம்பி இத்தனை?" என்று அதிகாரியைக் கேட்டாள், கூட வந்திருந்த என் வீட்டுக்காரி.

"எல்லாம் ஒரே விஷயம்தாம்மா."

வெளியே வந்ததும் சிரித்தாள். "சுவருக்குக் குண்டு போடுற மனுசன், காயிதத்துக்குப் போடலியே."

"படிச்ச புள்ள பொய் சொல்லுமாடி?" என்றேன்.

ஆண்டு முடிந்து போனோம். அந்த நாற்காலியில் வேறொருவர். தாளைப் புரட்டினார். "இது டெபாசிட் இல்லீங்க, இன்சூரன்ஸ். வருஷா வருஷம் கட்டணும். அஞ்சு வருஷத்துக்கு எடுக்க முடியாது. புரிஞ்சுதான் ரேகை வெச்சதா எழுதியிருக்கே."

எது புரிந்தது? யாருக்குப் புரிந்தது? புரியாதவன் விரலைப் பிடித்துப் புரிந்ததாய் எழுதிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

என்னப்பா, பின்வரிசையில்? வழக்குப் போடவில்லையா என்கிறாயா? போட்டேன், ராசா. மூன்றாண்டாய் நடக்கிறது. நான் காதால் கேட்டதற்குச் சாட்சி கேட்கிறார்கள். இருந்த ஒரே சாட்சி, வங்கி கைவிரித்த ஏழாவது வாரம் மூச்சை விட்டுவிட்டாள்.

வஞ்சித்தது வங்கி. அதை எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால், என் குண்டு என் பையிலேயே கிடந்ததே!

ஞாயிறுதோறும் நம் தலைவி இங்கே தாள்களை வாசித்துக் காட்டுகிறார். ரேகை வைக்கும்முன் கொண்டுவாருங்கள். "இப்பவே வெச்சாத்தான்" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வாருங்கள். எத்தனை ஆண்டு? எப்போது எடுக்கலாம்? இடையில் எடுத்தால் எவ்வளவு போகும்? எங்கே எழுதியிருக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் விரலுக்கு முன் அவர்கள் விரல் அந்தத் தாளில் படட்டும்.

அவளுடைய கடைசி வாரம் முழுக்க என் பெருவிரலைப் பிடித்தபடியே கிடந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த விரலையும் சேர்த்தே கைகூப்புகிறேன். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்.