பட்டாசாலைக்கு ஒரு டிக்கெட்

– அண்ணே, ஏன் இந்த முடுக்குல ஆட்டோவை நிப்பாட்டச் சொன்ன? மியூசியத்துக்கு வாசல் அங்கிட்டுல்ல இருக்கு, பெரிய தெருவுல?

– எறங்கு ஹஃபீஸா. நான் பொறந்த வீடு, எனக்குத் தெரியாதா? கேளு, பின் கேட்டைத் தொறந்து வைக்கச் சொல்லி வாச்மேன்ட்ட காலையிலயே போன் போட்டுட்டேன்.

– நானுந்தான் இங்க பொறந்தேன். அதுக்குக் கொல்லைப்பக்கம் எதுக்கு?

– ஒனக்கு முட்டி வலி. கேளு, முன்னால போனா படி ஏறணும். இங்கிட்டுன்னா நேரா அடுப்படி. ஒனக்குப் பழகுன வழிதான?

– அது சரி. நல்லாத்தான் பழகிக் கெடக்கு. கல்யாணமாகிப் போனதும் இந்த வழிதான். அத்தா மவுத்தானப்ப வந்ததும் இந்த வழிதான். வீட்டை மியூசியத்துக்குக் குடுக்கக் கையெழுத்துப் போட வந்தேனே, அப்பவும் நீ இதுலதான கூட்டியாந்த?

– அன்னைக்கு முன்கூடத்துல, பட்டாசாலை பூராம் ஆம்பளைங்க உக்காந்திருந்தாங்க புள்ள.

– என்னைக்கு உக்காரல?

– ஆரம்பிச்சிட்டியா? சரி வா. தலையைப் பாத்து, நெலை தாழ்வு... க்ர்ர்க்கும்!

– அண்ணே, இப்ப என்ன செஞ்ச?

– என்ன செஞ்சேன்?

– செருமுனியே! யாருக்குண்ணே? உள்ள இருக்கறது கண்ணாடிக்குள்ள அடுக்கி வச்ச சட்டியும் அண்டாவும். அதுக எந்திரிச்சு முக்காடு போட்டுக்கிரணுமா?

– அட... தன்னால வருது புள்ள. மீசை மொளைச்ச நாள்ல இருந்து பழக்கம். செருமாம பொம்பளைங்க பக்கம் காலெடுத்து வச்சா அத்தா தோலை உரிச்சிருவாருல்ல?

– செருமல் கேட்டா நாங்க செஞ்ச வேலையைப் போட்டுட்டு ஒதுங்கணும். ஆளைப் பாக்காமயே யாருன்னு சொல்லிருவோம். நீ செருமுனா எருமைக்குப் பொறை ஏறுனாப்ல இருக்கும். அத்தா செருமுனா ரெண்டு தரம், நடுவுல கொஞ்சம் விட்டு விட்டு.

– சிரிச்சது போதும். உள்ள வா.

– இல்லண்ணே. நான் இந்த வழியா வரல.

– என்னது?

– வாசப்பக்கமா போறேன். நான் பட்டாசாலையைப் பாக்கணும்.

– சின்னப்புள்ளையில பாத்திருப்பியே, ஓடித் திரிஞ்சவதான?

– அதெல்லாம் எங்க ஞாபகமிருக்கு? வெவரம் தெரிஞ்சப்புறம் நடுவுல தொங்குன திரைக்கு அடியால நான் பாத்ததெல்லாம் தரைதான். செவப்பும் கறுப்புமாக் கட்டம் போட்ட தரை, அது மேல ஆம்பளைங்க காலு. என் நிக்கா அங்கதான் நடந்துச்சு. ஊரே உக்காந்து பாத்துச்சு. என்ட்ட மட்டும் உள்ள வந்து சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிட்டாங்க. நான் மவுத்தாகறதுக்குள்ள ஒருதரமாச்சும் வாசல் ஏறி அந்த எடத்துல உக்காரணும்ண்ணே. அதுக்குத்தான் திருநகர்ல இருந்து வந்தேன். ஒன் அடுப்படியைப் பாக்க இல்ல.

– என் அடுப்படியா? சரி... இன்னைக்கு வேணாம். கேளு, உள்ள மியூசியத்தைப் பாக்க ஜமாத்து ஆளுங்க வந்திருக்காங்க. அலீம் மாமு, அவுக கூட்டாளிக அம்புட்டுப் பேரும் பட்டாசாலையிலதான் உக்காந்திருக்காங்க. இன்னொரு நாளைக்கு நானே கூட்டியாரேன்.

– கூட்டியாருவ. இதே முடுக்குக்கு. நான் நடக்கறேன்.

– ஹஃபீஸா! மெல்லப் போ புள்ள! நான் சொல்றதக் கேளு... சுத்திக்கிட்டு எம்புட்டுத் தூரம் நடக்கணும்... அல்லா, இவ சின்னதுலயே இப்படித்தான்...

– வாங்கம்மா, வாங்கய்யா, டிக்கெட் இங்கதான். பாத்து, ஏன் இம்புட்டு வேகமா வாரீங்க? மூச்சு வாங்குது பாருங்க.

– சட்டையில பேரு மாட்டியிருக்கியே, சரண்யாதேவியா? ஒரு டிக்கெட்டு குடும்மா.

– டிக்கெட்டா? பாப்பா, இது எங்க வீடு. நான் அப்துல் ரசாக்கு. இவ என் தங்கச்சி. எங்க அத்தா கட்டுன வீடு இது.

– அப்படியாய்யா! அப்ப டிக்கெட்டெல்லாம் வேணாம். சார்ட்ட நான் சொல்லிக்கிறேன், ரெண்டு பேரும் சும்மா போங்க.

– எனக்குக் குடும்மா.

– எதுக்கு புள்ள? அதான் சும்மா விடுறாங்கல்ல?

– எங்க வீடா இருந்தப்பதான் என்னைய விடலயே அண்ணே. டிக்கெட்டு கையில இருந்தா, நீ எதுக்கு இங்க வந்தன்னு எவனும் கேக்கமாட்டான்.

– இந்தாங்கம்மா. நீங்க மொதல்ல மெயின் ஹாலைப் பாருங்க. பழைய கல்யாண ஃபோட்டோ ஒண்ணு, செவரு உசரத்துக்குப் பெருசாக்கி மாட்டியிருக்கோம். வர்றவங்க எல்லாரும் அங்கதான் நின்னு செல்ஃபி எடுக்குறாங்க. ஆனா எனக்கு ஒரு கொறை. மாப்பிள்ளை இருக்காரு, ஊரே இருக்கு, பொண்ணை மட்டும் காணோம். நானும் தேடித் தேடிப் பாத்துட்டேன்.

– யாரு கல்யாணம்மா அது?

– தெரியலம்மா. மாப்பிள்ளை மொகத்துல பாதிக்குப் பூ தொங்குது. பக்கத்துல சுருட்டை முடியோட ஒருத்தரு பன்னீர்ச் செம்பைப் புடிச்சிட்டு மொறைச்சுப் பாத்துக்கிட்டு நிப்பாரு.

– மொறைக்கல பாப்பா. வெயில் கண்ணைக் கூசுச்சு. அது நான்தான்.

– அய்யோ, நீங்களாய்யா! அப்ப பொண்ணு யாரு?

– சொல்லுண்ணே. பொண்ணு யாரு?

– ...இவதான்.

– அம்மா, நீங்களா? நீங்க எங்கம்மா நின்னீங்க?

– அடுப்படிக்குப் பக்கத்து ரூம்ல. இப்ப சட்டி அடுக்கி வச்சிருக்கீங்களே, அங்க. அண்ணே, அந்த ஃபோட்டோ இருக்குன்னு நீ ஏன் எனக்குச் சொல்லல?

– அது எப்பவும் பட்டாசாலைச் செவத்துலதான தொங்குச்சு? நீ பாக்காமயா இருப்பன்னு...

– நான் எங்கிட்டுப் பாக்க? அவுகளை நான் மாப்பிள்ளைக் கோலத்துல பாத்ததே இல்லண்ணே. அவுகளும் போயிட்டாங்க. வேற எங்க போயி நான் அதைப் பாப்பேன்?

– அழாத புள்ள. எனக்கு இது தோணவே இல்ல. வா, கையைக் குடு. மெல்ல... வலது காலை வையி. பிஸ்மி சொல்லு.

– சொல்லிட்டேன்.

– இன்னும் ஒரு படிதான். ம்... கேளு, நீ இந்தத் தூணைப் புடிச்சிட்டு நில்லு. நான் மொதல்ல உள்ள போயி, தங்கச்சி வந்திருக்கான்னு அலீம் மாமுட்ட பக்குவமாச் சொல்லி... ஹஃபீஸா? என்ன, தொண்டை கட்டிக்கிருச்சா? தண்ணி வாங்கியாரவா? ஏய், என்ன புள்ள இது, ரெண்டு தரம், நடுவுல விட்டு விட்டு... அப்படியே அத்தா செருமுனாப்ல இருக்கு! உள்ள அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாக்குறாங்க!

– பாக்கட்டும்ண்ணே. பொம்பள வாரா, ஒதுங்குறவங்க ஒதுங்கிக்கிரட்டும்.