ஆளில்லாமல் திரும்பிய ஸ்டியரிங்

1955ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் திகதி காலை பத்தரை மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் சொல்லி எழுதப்பட்டது.

என் பெயர் வீரய்யா சிவசாமி. வயது 27. தொழில் லொறிச் சாரதி. பொகவந்தலாவை, ஸ்ட்ராத்வில் தோட்டம், மேல்பிரிவு, ஏழாம் லயம், மூன்றாம் காம்பிராவில் மனைவியோடும் தாயோடும் வசிக்கிறேன். ஐந்து வருடமாகத் தோட்டத்துத் தேயிலை லொறியை ஓட்டுகிறேன். இதற்குமுன் என்மேல் வழக்கு இல்லை.

இம்மாதம் 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை, தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் டக்ளஸ் அவர்களின் சின்னக் காரை ஹட்டனில் உள்ள கராஜுக்கு இழுத்துக்கொண்டு போகும்படி எனக்குச் சொல்லப்பட்டது. காரின் எஞ்சின் ஓடவில்லை. பிரேக்கும் பிடிக்கவில்லை. கிளாக்கர் ஒரு வடக்கயிறு கொண்டுவந்தார். கயிறு வேண்டாம் என்றேன். கயிற்றில் இழுத்தால் பின்னால் ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், பிரேக் போட வேண்டும். பிரேக் இல்லாத கார் இறக்கத்தில் லொறியின் முதுகில் வந்து மோதும்.

அதன் பிறகு தொழிற்சாலை பிட்டர் கஸ்பர் பாஸிடம் போனேன். இருவருமாக இரண்டு கோண இரும்புகளை முக்கோணமாகச் சேர்த்து ஒரு சட்டம் செய்தோம். கூர்முனை லொறியின் கொக்கியில் மாட்டும். இரண்டு கால்களும் காரின் முன் அச்சில் திருகாணி போட்டு முறுக்கப்படும். மேலதிகமாக ஒரு சங்கிலி. இந்தச் சட்டம் பூட்டிய காரில் ஆள் ஏறக்கூடாது. கியர் விடுபட்டிருக்க வேண்டும். ஸ்டியரிங்கை யாரும் பிடிக்கவோ கட்டவோ கூடாது. லொறி திரும்பும்போது சட்டம் திரும்பும், சட்டத்தோடு காரின் முன்சில்லுகள் தாமாகவே திரும்பும். இவ்வளவையும் கிளாக்கரிடம் இரண்டு தடவை சொன்னேன். "சரி சரி, எனக்குத் தெரியும்" என்றார். கஸ்பர் பாஸ் பக்கத்தில் நின்றார்.

ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். கிளாக்கர் என் பக்கத்து ஆசனத்தில் இருந்தார். கோட்டும் நீல டையும் அணிந்திருந்தார். காரின் பின்னால் சிவப்புத் துணி கட்டியிருந்தேன். வேகம் மணிக்கு எட்டு மைல். இந்தக் கேள்வி என்னிடம் இதுவரை நான்கு பேரால் கேட்கப்பட்டுள்ளது. எட்டு மைல்தான்.

பத்தாம் நம்பர் மலையைத் தாண்டும்போது பாதைக்கு மேலே பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். வளைவில் காருக்குள் ஸ்டியரிங் சுற்றியது. உள்ளே ஆள் இல்லை. பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அடியே, கிளாக்கரய்யா காரப் பாருடி! ஆளே இல்ல, தானா திரும்புது!"

"முனி ஓட்டுறாருடி. யாரும் லைசன்ஸ் கேட்டுப்புடாதீங்க!"

"ஐயாவ எறக்கிவுட்டுட்டு முனியவே ஆபீசுல ஒக்கார வைங்க. வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம் ஒழுங்கா பேரு போடுவாரு!"

மலை முழுவதும் சிரித்தது. கங்காணியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை மறைக்கவில்லை. கிளாக்கர் சிரிக்கவில்லை. லொறிக் கதவின் கண்ணாடியை ஏற்றினார். கொஞ்சத் தூரம் போனதும், "சிவசாமி, அந்த ஸ்டியரிங் ஆடாம ஏதாச்சும் செய்யப்பா" என்றார். "ஐயா, அது ஆடணுங்க. ஆடலைன்னாதான் ஆபத்து" என்றேன்.

அதன் பிறகு முனியாண்டி கோயிலடியில் லொறியை நிறுத்தினேன். அங்கிருந்துதான் பெரிய இறக்கம் தொடங்குகிறது. எந்தத் தோட்டத்து லொறியும் அங்கே நிற்காமல் இறங்காது. இறங்கிச் சூடம் கொளுத்தினேன். கும்பிட்டு நின்ற நேரம் இரண்டு நிமிடம் இருக்கும். அப்போது என் முதுகு வாகனத்தின் பக்கம் இருந்தது. காரின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. திரும்பினேன். கிளாக்கர் கையில் குடையோடு வந்தார். "குடைய விட்டுட்டேன்" என்றார். மழை இல்லை.

அதன் பிறகு சட்டத்தின் இரண்டு ஆணிகளையும், கொக்கியையும், சங்கிலியையும் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தன. காருக்குள் பார்க்கவில்லை. கிளாக்கரின் கழுத்தையும் பார்க்கவில்லை.

இறக்கத்தின் முதல் வளைவில் லொறியைத் திருப்பினேன். கார் திரும்பவில்லை. சில்லுகள் நேராக நின்றபடி தாரில் உரசும் சத்தம் கேட்டது. ரப்பர் கருகிய வாசம் வந்தது. பிரேக்கை மெதுவாக மிதித்தேன். அதற்குள் சட்டத்தின் வலது காலின் ஆணி அறுந்தது. கார் ஒரு பக்கமாக வீசப்பட்டு மண்மேட்டில் அடித்தது. அங்கே கொழுந்துக் கூடையோடு வந்துகொண்டிருந்த அம்மாக்கண்ணு என்பவர் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் குதித்தார். வலது கை முறிந்தது. சங்கிலி அறுந்துபோகவில்லை. அறுந்திருந்தால் கார் கீழே ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைமேல் விழுந்திருக்கும்.

நான் இறங்கி ஓடினேன். முதலில் காருக்குள் பார்த்தேன். ஸ்டியரிங் ஒரு நீல டையால் கதவுப் பிடியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. மூன்று முடிச்சு. அவிழ்க்கப் பார்த்தேன். வரவில்லை. அப்போது அம்மாக்கண்ணு சத்தம் போட்டார். முடிச்சை விட்டுவிட்டு அவரைக் கானிலிருந்து தூக்கினேன். துண்டால் கையைக் கட்டினேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பிவந்தபோது ஸ்டியரிங்கில் ஒன்றும் இல்லை. கிளாக்கர் காருக்குப் பக்கத்தில், வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி நின்றார். "பாத்து ஓட்டக் கூடாதா?" என்றார்.

மறுநாள் தோட்டத்துத் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். வழக்கு முடியும்வரை லொறியைத் தொடக்கூடாது, பிழை என்மேல் என்று தீர்ந்தால் வேலையும் குடியிருக்கும் காம்பிராவும் இல்லை என்றார். ஸ்டியரிங்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். வேகம் எத்தனை என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாக்கண்ணு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "அக்கா, கானுக்குள்ள இருந்து பாத்தீங்களா, யாராச்சும் கார் கதவத் தொறந்தாங்களா?" என்று கேட்டேன். "நான் ஒண்ணும் பாக்கல தம்பி. கை கூடுனதும் நான் வேலைக்குப் போகணும். பேரு அவருதானே போடணும்" என்றார். சாப்பிடக் கொண்டுபோன பாண் ராத்தலை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கண்டாரா இல்லையா என்று இதை எழுதும் பொலிஸ் சார்ஜனால் இப்போது கேட்கப்படுகிறது. காணவில்லை என்று என்னிடம் சொன்னார். அதற்குமேல் நான் சொல்வதற்கில்லை.

டையை வேறு யார் கண்டது என்று கேட்கப்படுகிறது. வேறு யாரும் காணவில்லை.

இன்று காலை நான் இங்கே வந்தபோது கிளாக்கர் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டை இருந்தது. ஐந்து வருடமாக நான் பார்க்கும் அதே நீல டை. நன்றாக அயன் செய்யப்பட்டிருந்தது. ஆனால் நடுவில் நான்கு விரல் அகலத்துக்குக் கயிறுபோலச் சுருங்கி, நூல் பிரிந்திருந்தது. அயன் பெட்டிக்கு அந்த இடம் படியவில்லை. அவர் இன்னும் வாங்கில்தான் இருக்கிறார். இதை எழுத வேண்டியதில்லை என்று சொல்லப்பட்டது. எழுதும்படி கேட்டேன். சார்ஜன் எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எழுதினார்.

கோயிலடியில் கதவுச் சத்தம் கேட்டபிறகு நான் காருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இந்த வாக்கியம் எனக்குப் பாதகமாகலாம், வேண்டுமானால் வெட்டிவிடலாம் என்று சார்ஜன் சொன்னார். வெட்ட வேண்டாம் என்றேன். அதை வெட்டினால் டையைப் பற்றி எழுதியதையும் யாராவது வெட்டுவார்கள்.

இதுவரை எழுதப்பட்டது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது. உண்மை என்று ஒப்புக்கொண்டு, யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வீ. சிவசாமி