ஈரலும் நாலு ஓட்டையும்

— நாலு ஓட்டை போட்டு ஈரலை அறுக்கப் போறானாக்கும். ஏ தங்கலட்சுமி, உன் டாக்டரு கட்டியை எடுக்குறானா, காது குத்துறானா?

— கேமராவை உள்ள விட்டு, டிவியில பாத்துக்கிட்டே அறுப்பாகளாம்ண்ணே. வயித்துக்குள்ள காத்தை அடைச்சு உப்ப வச்சுக்கிருவாக. அறுத்த கட்டியை உள்ளயே ஒரு பையில போட்டு, கீழ சின்னதாக் கீறி உருவிருவாக.

— பையில போட்டு. நம்ம நரிக்குடிச் சந்தையில கத்திரிக்கா போடுற மாதிரி. இந்தா, சும்மா நிக்காம இந்தக் கிடா காலைப் பிடி, தோலு வரட்டும். விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து கருப்பன் கோயில் கிடா உரிக்கிறேன். வயித்தைத் திறந்து கையை விட்டாத்தான் ஈரல் எது, பித்தப்பை எதுன்னு தெரியும். பித்தம் உடைஞ்சா கறி பூராக் கசந்துரும். ஓட்டை வழியா அவனுக்கு என்ன மயிரு தெரியும்?

— நீ உரிச்ச கிடா எதுவும் எந்திரிச்சு வீட்டுக்கு நடந்து போயிருக்காண்ணே?

— வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல.

— திறந்து பண்றதும் இருக்குன்னாக. மார்க்கூட்டுக்குக் கீழ ஒரு முழத்துக்குக் கீறல். கையால தடவிப் பாக்கலாம், ரத்தம் பீச்சுனா சட்டுன்னு பிடிக்கலாம். ஆனா புண்ணு ஆற ரெம்ப நாளாகும், இருமுனாக்கூட உசுரு போயி வரும். ஓட்டைன்னா வலி கம்மி, சீக்கிரம் வீட்டுக்கு வந்துரலாம். கட்டி சின்னது, ஈரல் ஓரத்துல இருக்கு. அதனால ரெண்டுல எதுவும் செய்யலாம், குணமும் ஒண்ணு போலத்தான்னு சொல்லிட்டாக. எதுன்னு நாளைக்கு மதுரையில போயிச் சொல்லணும்.

— ஓட்டைதான் உன் புருசனுக்குத் தோது. காலுல முள்ளு குத்துனா அருப்புக்கோட்டைக்கு ஆட்டோ பிடிக்கிற ஆளு. சொட்டுக் குடிக்காதவனுக்கு ஈரல்ல கட்டி. நோவைக்கூட ஒழுங்கா வாங்கத் தெரியல அந்தப் பொசகெட்ட மாப்ளைக்கு. எதுன்னு என்கிட்ட அவனே வந்து கேக்க வேண்டியதுதான?

— கோயில் வாசல்லதான் உக்காந்திருக்காக. உன் மொகத்தைப் பாக்க முடியலயாம்.

— பாக்க முடியாது. போன வாரம் அவனுக்குத் துணைக்குன்னு போயி, கூடச் சேந்து என் வயித்து வலிக்கு நானும்தான ஸ்கேன் எடுத்தேன்? மிசினுக்குள்ள கல்லு மாதிரிக் கிடந்தேன். எனக்கு வெறும் வாயுன்னு உன் மதினி வந்து சொன்னா. அவன் மூஞ்சிதான் சுண்ணாம்பா வெளிறிப் போச்சு.

— வெளிறத்தான் செஞ்சுச்சு.

— ஆம்பளைன்னா கீறு பாப்போம்னு வயித்தைக் காட்டணும்.

— உன் பேரு மட்டும் உக்கிரபாண்டி. சர்க்கரை பாக்க ரத்தம் எடுக்கக் கூட்டிப் போனா, ஊசியைப் பாத்ததும் பாலவனத்தம் பஸ்ஸுல ஏறி ஓடியாந்தது யாருண்ணே?

— அன்னைக்கு எனக்கு ஜோலி இருந்துச்சு.

— ஆமா, கலெக்டர் ஜோலி. சரி, உனக்கு வந்திருந்தா நீ எதைக் கேப்ப?

— எனக்கு ஏன் வருது?

— சும்மா சொல்லு. கருப்பன் கிடா ரத்தம் கையில இருக்கு. உரிச்சு முடியுற வரைக்கும் இந்த இடத்துல பொய் பேசக் கூடாதுன்னு நீதான் ஊருக்கெல்லாம் சொல்லுவ.

— அதை எதுக்கு இதுல இழுக்குற?

— கத்தி ஏன் நிக்குது? எகத்தாளத்தை விட்டுட்டுச் சொல்லுண்ணே.

— ஓட்டையே போடச் சொல்லுவேன். போதுமா? அந்த ஒரு முழக் கீறலுன்னா எனக்குப் பயம். அவன்கிட்டச் சொல்லிராத, காரியாபட்டி வரைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

— சிரிக்க மாட்டாக. நடுவுல ரத்தம் நிக்கலன்னா வயித்தைத் திறந்துருவாகளாம். அதுக்கும் சம்மதமா?

— உசுருன்னு வந்துட்டா திறக்கட்டும். அதுக்கு என்னைய ஏன் போட்டு நோண்டுற? உன் புருசன்கிட்டப் போயிக் கேளு.

— அவுககிட்ட கேக்க ஒண்ணுமில்ல. வாயு அவுகளுக்குத்தான். நேராச் சொன்னா நீ பஸ்ஸேறிருவன்னு மதினி அழுதுச்சு, அதான் நீ திட்டுறதையெல்லாம் அவுக வாங்கிக்கிட்டு உக்காந்திருக்காக. கத்தியைக் கீழ வையிண்ணே. கட்டி உனக்கு.