கதவில்லாத காம்பரா

— கம்பளி வேணாம் பளீல் நானா. அதத் தொட்டுப் பாத்தா ஆச வந்துரும். சாக்கு இருந்தா காட்டுங்க.

— தொட்டுப் பாக்கிறதுக்கு நான் காசு கேக்கிறல்ல தங்கச்சி. அக்குறணையிலேந்து இந்த மூட்டையத் தூக்கிக்கொண்டு ஹந்தானை மலை ஏறி வந்தீக்கிறன். பாத்துட்டாவது வேணாம் எண்டு செல்லுங்க.

— இந்த வருசம் லயத்து வீடுங்கள்ல ஒருத்தருக்கும் கம்பளி கெடையாது நானா. தேயில வெல விழுந்துபோச்சாம், தொர நிப்பாட்டிட்டாராம். தோட்டத்துல குடுக்குற கம்பளியே இல்லைங்கிறப்ப நான் வெல குடுத்து வாங்குறதா?

— அப்ப சாக்கு என்னத்துக்கு? விரிக்கவா, போர்க்கவா?

— தொங்கவிட. நீங்க உள்ள வந்த வழிய ஒருக்காத் திரும்பிப் பாருங்க.

— வாசலுக்கு என்ன... யா அல்லா. கதவு எங்க தங்கச்சி?

— கழட்டிட்டாங்க.

— ஆரு?

— சங்கிலிக் கங்காணி.

— கூலியப் பிடிச்ச கங்காணியக் கண்டீக்கிறன். கதவப் பிடுங்கின கங்காணிய இண்டைக்கித்தான் கேக்கிறன். என்னத்துக்கு?

— எம் புருசன் காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்களத்துல எல்லாருக்கும் முன்னால வாயத் தொறந்து கேட்டுருச்சு. 'புள்ளகுட்டி நடுங்குது, கம்பளி எங்க கங்காணி?'ன்னு. அவ்வளவுதான். அன்னக்கி சாயங்காலமே ஆள வெச்சுப் புடிச்சுக்கிட்டுக் கொய்யாக் கம்பால அடிச்சான். கால் எலும்பு வெளிய வந்துருச்சு நானா. இப்பக் கண்டி ஆசுபத்திரியில கெடக்கு. மறுநா கங்காணியே வந்து கதவக் கழட்டித் தோள்ல வெச்சுக்கிட்டுப் போனான். கம்பளி கேட்ட வாயிக்குக் கதவும் கெடையாதாம்.

— பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரங்க பாத்துக்கொண்டா ஈந்தாங்க?

— சங்கிலிக் கங்காணி சத்தம் கேட்டா இந்த லயமே செவிடு.

— ம். அந்த மூலையில இருமுறது ஒங்கட புள்ளையா?

— ஆமா, பொன்னி. மூணு வயசு. பொழுது சாஞ்சா நெஞ்சு கிர்ருகிர்ருன்னு இழுக்குது. நானும் என்னென்னமோ செஞ்சு பாத்துட்டேன். செவுத்து வெடிப்பெல்லாம் சாணியும் மண்ணும் கொழச்சு அடச்சேன். வாசல்ல சேலையக் கட்டுனேன், காத்து அதத் தூக்கி எந்தலையிலயே போட்டுச்சு. வாழச் சருகு அள்ளிக் கட்டுனேன். ஒரு மாடு வந்து தின்னுட்டுப் போயிருச்சு.

— சிரிக்கிறீங்களா, அழுவுறீங்களா?

— தெரியல நானா. குளுர்ல ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு.

— சட்டியில நெருப்பு வெச்சீக்கிறீங்க போல.

— சுள்ளி பொறுக்கிப் போட்டு வெச்சிருக்கேன். தேயிலச் செடி வெட்டுன மிலாறு மல மாதிரி குமிஞ்சு கெடக்கு, கங்காணி தொட விடமாட்டேங்கிறான். சட்டி கொஞ்ச நேரம் சுடுது, அப்பறம் வாசல் வழியா அந்தச் சூடும் வெளிய நடந்து போயிருது.

— நான் ஒண்டு செல்றன் கேளுங்க. ஒத்தச் சாக்குக் கட்டினா பிரயோசனமில்ல, காத்து ஊடால வரும். ரெண்டு சாக்க ஒண்டுக்கு மேல ஒண்டு வெச்சி, நடுவில காஞ்ச மானாப்புல்லத் திணிச்சி, குறுக்கால நெடுக்கால தைக்கணும். எங்கட ஆட்டுக் கொட்டிலுக்கு அப்பிடித்தான். போன மழைக்கு ஒரு குட்டியும் சாகல்ல.

— ஆட்டுக்குட்டிக்கு ஆகுறது எம் புள்ளைக்கும் ஆகும். புல்லு லயத்துப் பின்னாலயே காஞ்சு கெடக்கு, அள்ளியாறேன்.

— மேலால மட்டும் ஒரு சாண் தொறந்து விடணும். முழுசா அடைச்சா கரிப்பொகை புள்ளையத் திண்டுரும்.

— சரி நானா. வெல?

— அந்தக் கூடைக்குள்ள ஒரு பெட்டைக்கோழி ஈக்கிதானே.

— அது முட்ட போடுது. அத வெச்சுத்தான் புள்ளைக்கு...

— அப்ப கோழி ஈக்கட்டும். வாற நேரம் முட்டை குடுங்க. போதும்.

— கங்காணி உங்கள மறுபடி ஏற விடுவானா?

— சுருட்டுக் கட்டொண்டு குடுத்துத்தான் இண்டைக்கே ஏறினன். பயம் ஈக்கி, மறைக்கிறல்ல. கெதியா செய்வம். நான் புல்லத் திணிக்கிறன், நீங்க தைங்க. இந்தாங்க கோணி ஊசி.

— இப்புடியா?

— இன்னும் நெருக்கமா. ஓ, அப்பிடித்தான். ஆணி ஈக்கி எங்கிட்ட. அடிக்க என்ன ஈக்கி?

— அம்மிக் கொழவி. புடிங்க.

— ஓரத்த இழுத்துப் பிடிங்க... விடாதீங்க... ம். முடிஞ்சி. இப்ப செல்லுங்க, எப்பிடி?

— நானா... காத்துச் சத்தமே கேக்கல. சட்டிச் சூடு மொகத்துல அடிக்கிது. பாருங்க, புள்ள காலு ரெண்டையும் நீட்டிப் படுக்குது! இத்தன நாளா சுருண்டே கெடந்துச்சு.

— இதையும் போர்த்துங்க.

— கம்பளியா? நான்தான் வேணாம்னேனே!

— ஓரத்த எலி கடிச்சீக்கி. ஆரும் வாங்க மாட்டாங்க. எனக்கு மூட்டைப் பாரம் கொறையட்டும்.

— நானா, இதுக்கு நான் என்னாத்தத் திருப்பி... உஸ். பேசாதீங்க. வெளிய செருப்புச் சத்தம்.

— ஏய் நல்லம்மா! நான் கதவு கழட்டுன வாசல்ல எவன்டி சாக்கு கட்டுனது?

— நான்தாங்க கங்காணி. புள்ளைக்கு நெஞ்சு இழுக்குது, அதான்...

— தோட்டத்து வாசல், தோட்டத்துச் செவுரு. விளங்குதா? அதுல ஆணி அடிக்க நீ யாரு? அவுக்குறியா, கிழிக்கவா?

— கிழிக்காதீங்க சாமி! இப்பத்தான் புள்ள கண்ணசந்து...

— கிழிச்சாச்சு. அட, உள்ள தொப்பிக்காரரா? நீ சுருட்டு குடுத்துட்டு மேல ஏறுனது இதுக்குத்தானா?

— கங்காணியார், நான் செல்றன் கேளுங்க. சாமான் விக்க வந்த எடத்தில இந்தப் புள்ளைட நெஞ்சு இழுக்கிறதக் கண்டன். மத்தப்படி ஒண்டும்...

— வாய மூடு.

— ஐயோ அடிக்காதீங்க! நானா, நெத்தி பொளந்துருச்சே! ரத்தம் கண்ணுல வழியுது!

— காது கொடையவா கம்பு வெச்சிருக்கேன்? மூட்டையத் தூக்குடா. இனி இந்த மலையில ஒங்காலு பட்டா, இவ புருசன் சடையன் காலு பட்ட பாடுதான் அதுக்கும். விளங்குதா? நீ தள்ளுடி. குளுருதா ஒனக்கு? சட்டி கேக்குதா?

— தங்கச்சி, சட்டிய ஒதைக்கிறான்!

— பொன்னி! நெருப்பு பாயில விழுந்துருச்சு! நானா, புள்ளையத் தூக்குங்க, புள்ளைய!

— தூக்கிட்டன்! தூக்கிட்டன்! கால்ல ஒரு பொறி பட்டீக்கி, வேற ஒண்டுமில்ல!

— எரியட்டும். குளுருதுன்னா தள்ளி நின்னு காயி. அது யாரு குடுத்த கம்பளி? சடையன் கேட்டான், நீ போத்திப் படுக்கிறியா? வாடி, இந்தக் கம்பளிலயே சுத்தி ஒன்னைய அந்தத் தண்ணிக் கானுக்குள்ள தள்ளுறேன்.

— மயித்த விடு! கழுத்து முறியுது, விடுறா!

— 'டா'வா? என்னையே 'டா' போட்டுப் பேசுறியா?

— தங்கச்சி, வேணாம்! கொழவியக் கீழ போடுங்க! தங்கச்சி!

— எம் புள்ளமேல நெருப்பு! எம் புள்ளமேல! எம் புள்ளமேல!

— போதும்! விழுந்துட்டான்! நல்லம்மா தங்கச்சி, போதும், கொழவிய எங்கிட்டத் தாங்க. கைய விடுங்க. ம். அப்பிடித்தான்.

— எங்க? எங்க அவன்?

— இஸ்தோப்புத் திண்ணைப் படி தாண்டிக் கானுக்குள்ள கெடக்கிறான். பாயில நெருப்ப மிதிச்சி அணைச்சிட்டன், புள்ள உள்ள மூலையில ஈக்கிது.

— செத்துட்டானா?

— மூச்சு ஈக்கி. தலை பாதி தண்ணிக்குள்ள. காதாலயும் ரத்தம் வருது.

— தூக்குவோம் நானா.

— இவனையா?

— தண்ணியில கெடந்து செத்தான்னா என்னையப் போகம்பரை செயில்ல தூக்குல போடுவாங்க. அப்பன் ஆசுபத்திரியில, ஆத்தா தூக்குல. எம் புள்ள எந்த வாசல்ல போயி நிக்கும்? நீங்க தோளப் புடிங்க, நான் காலப் புடிக்கிறேன்.

— ரத்தம் கண்ண மறைக்கிது, பொறுங்க... இப்ப. தூக்குங்க!

— படியிலயே போடுங்க, அதுக்கு மேல முடியல. நானா, இவன் பல்லுக் கிட்டுது.

— ஈர உடுப்பு, பனிக்காத்து. இப்பிடியே விட்டா ரத்தம் போய்ச் சாகிறதுக்கு முந்தி விறைச்சிச் செத்துருவான்.

— கம்பளிய எடுங்க.

— புள்ளைட கம்பளியா?

— வேற என்னா இருக்கு இந்த வீட்டுல? போத்துங்க அவனுக்கு.

— தங்கச்சி, ஆரோ பொம்பள ஒண்டு வாறா. தலையில சாக்குக் கொங்காணி போட்டீக்கிறா.

— ஐயோ. அது கங்காணி பொண்டாட்டி. அன்னலட்சுமி அம்மா.

— இங்கதான் கெடக்காரா? குளிக்க வெந்நி வெச்சேன், ஆறுதேன்னு தேடி வந்தேன்.

— கங்காணியம்மா, ஒங்க காலுல விழுறேன். வேணும்னு செய்யல. புள்ள படுத்திருந்த பாயில நெருப்பத் தட்டுனாரு, என் மயித்தப் புடிச்சு...

— நான் ஒண்ணும் கேக்கலையே தாயி. எதால அடிச்ச?

— கொழவி.

— கனம் பத்தல.

— என்ன செல்றீங்க அம்மா? மனுசன் உசிரோட ஈக்கிறார். நாலு பேரக் கூப்பிட்டுச் சாக்கில தூக்கினா ஆசுபத்திரிக்குக் கொண்டு போவலாம்.

— யாரு, அக்குறணை நானாவா? நெத்தியத் தொடைங்க மொதல்ல. நல்லம்மா, ஒங் கதவு எங்க போச்சுன்னு தெரியுமா?

— ஒங்க வீட்டுல சாத்தி வெச்சிருக்கிறதா...

— துண்டு துண்டா வெட்டி என் அடுப்படியில போட்டாரு. இதுல வெந்நி வெய்யின்னாரு. இருமுற புள்ள வீட்டுக் கதவுல நான் வெந்நி வெக்கமாட்டேன்னேன். எங்கையப் புடிச்சு அந்த அடுப்புக்குள்ளயே வெச்சாரு. இந்தா, முந்தானைய எடுத்துட்டேன். பாரு.

— ஆத்தாடி! வெரலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போயி... கங்காணியம்மா!

— மறுநாளுல இருந்து இன்னொரு கையால வெந்நி வெச்சுக் குடுத்தேன். நல்ல பலகை தாயி. நின்னு எரிஞ்சுச்சு.

— அம்மா, கம்பளிய ஏன் உருவுறீங்க? செல்றன் கேளுங்க, இது அல்லாக்குப் பொருந்தாது!

— எனக்குப் பொருந்துது நானா. நல்லம்மா, இந்தா, கொண்டுபோயிப் புள்ளைக்குப் போத்து.

— வேணாங்க. நான் அடிச்சது வேற, அது கோவம். இப்ப நாம செய்யிறது வேற.

— அடிச்சது ஒன்னோடது. இது என்னோடது. இதுல நீ பங்கு கேக்காத.

— நல்...லம்மா...

— முழிச்சுட்டாரு! கங்காணியம்மா, கண்ணத் தொறக்குறாரு!

— கம்பளி... எவ எடுத்தா... நல்லம்மா... சடையன் வரட்டும்... அடுத்த காலு... ஒம் புள்ளையத் தூக்கி... இந்தக் கானுலயே... விளங்குதா...

— கேட்டியா தாயி? சாகக் கெடக்கையிலயும் மனுசன் மறக்கல.

— ஆரது லயத்தில? பனிப்புகாருக்குள்ள ஒண்டும் தெரியேல்லை!

— மேல் ரோட்டில ஆரோ நிக்கிறாங்க! யாழ்ப்பாணத்துப் பேச்சு!

— தோட்டத்துல மருந்து குடுக்குற டிஸ்பென்சர் கந்தையா ஐயா. கங்காணியம்மா, நானா, ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க, ஒரு நிமிசம்...

— நான் கந்தையா! இஞ்ச ஆரோ குழறிக் கேட்டதெண்டு சொல்லிச்சினம். ஆருக்கும் காயமோ? மருந்துப் பெட்டி என்ரை கையிலதான் கிடக்கு, ஓமெண்டால் இறங்கி வாறன்!

— தங்கச்சி, கூப்பிடுங்க. அல்லாவே அனுப்பினீக்கிறான். இவர் பொழைச்சா ஒங்கட கழுத்தும் தப்பும்.

— நானா சொல்றதும் சரிதான் தாயி. வாசல் ஒன்னோடது. நீ என்னா சொன்னாலும் நான் குறுக்க நிக்கமாட்டேன்.

— நல்லம்மாவோ அது? சொல்லு பிள்ளை! கங்காணியைக் கண்டனியோ?

— கங்காணி அப்பவே வீட்டுக்குப் போயிட்டாருங்க ஐயா, வெந்நியில குளிச்சிட்டுப் படுத்திருப்பாரு. இங்க ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல, குளுரு ஏறுறதுக்குள்ள நீங்க போங்க.