அவள் திரும்பிப் போகவில்லை

எனக்கு உரக்க வாசிக்கப் பிடிக்கும், சார். குரல் நன்றாக இருக்கிறது என்று ஐயாவே சொல்லியிருக்கிறார். பார்வை போன எழுத்தாளருக்கு வாசித்துக்காட்ட ஆள் தேடுகிறார்கள் என்றதும், சம்பளம்கூடக் கேட்காமல் போய் நின்றேன். பள்ளிக்கூட வயதில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவள் நான்.

அவருடைய ஒரு நாவலில் கதாநாயகியைக் கணவன் அடிக்கிறான். அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கடைசி அத்தியாயத்தில் தானாகவே திரும்பிப் போய் அவன் காலடியில் உட்காருகிறாள். அப்போது விக்கி விக்கி அழுதேன். பெண் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று நினைத்தேன். பிற்பாடு என் வீட்டுக்காரர் கை நீட்டியபோது நானும் அம்மா வீட்டுக்குப் போனேன். "இங்கேயே இருடி, நாங்க பாத்துக்கறோம்" என்றாள் அம்மா. நான்தான் அந்தக் கதாநாயகியை நினைத்துக்கொண்டு திரும்பினேன். அவர் சாகும்வரை அடி ஓயவில்லை. இடது காது இன்றும் எனக்குக் கேட்காது.

ஐயா அதைத்தான் முதலில் வாசிக்கச் சொன்னார். கடைசி அத்தியாயம் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண் ஒன்றைப் பார்க்க, வாய் வேறு சொன்னது. அவள் திரும்பிப் போகவில்லை என்று வாசித்தேன்.

"என்னம்மா படிக்கறே? அவ போவாளே."

"நீங்க எழுதினதைத்தான் படிக்கறேன் ஐயா."

அன்றோடு அவர் தூக்கம் போயிற்று. தினமும் அதே அத்தியாயத்தைக் கேட்பார். தினமும் அவள் போகமாட்டாள். சுவரைத் தடவித் தடவி அறைக்குள்ளேயே நடப்பார். மகனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மகன் அப்பாவின் புத்தகத்தில் அட்டையைத் தாண்டியவரில்லை. "அவங்க எதுக்குப்பா பொய் சொல்லப்போறாங்க? உங்களுக்குத்தான் ஞாபகம் தப்புது" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். டாக்டர் மாத்திரை எழுதினார். வேளை தவறாமல் கொடுத்தேன், அதில் யாரும் என்னைக் குறை சொல்லமுடியாது.

ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் எழுதினதே எனக்கு மறந்துபோச்சுன்னா நான் யாரும்மா?" பாவமாகத்தான் இருந்தது. உண்மை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒன்று கேட்டேன், அவளை ஏன் திரும்பிப் போகவைக்க நினைத்தீர்கள் என்று.

"அப்படி முடிச்சாத்தான் விக்கும்னாங்க. கதைதானேம்மா. அவ என்ன நெசமாவா இருந்தா?"

மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் விழுந்து இறந்தது மறுநாள் மத்தியானம். வீட்டில் நாங்கள் இருவர்தான். கீழ்வீட்டு வாத்தியாரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன் என்று புத்தகத்தை அணைத்துக்கொண்டு கிளம்பினார். மாடிப்படிக் கைப்பிடியை வெல்டிங்காரர் அன்று காலைதான் கழற்றிக்கொண்டு போயிருந்தார். ஐயாவிடம் யாரும் சொல்லவில்லை.

"கைப்பிடி இந்தப் பக்கந்தானேம்மா?"

"ஆமாங்க ஐயா. நல்லாச் சாஞ்சு பிடிச்சுக்குங்க."

நான் அவரைத் தொடக்கூட இல்லை, சார். கதையில் என் பேச்சை ஒருநாளும் நம்பாதவர், இதை மட்டும் நம்பிக் கையை நீட்டினார்.